பாராதைராய்டுக்கு எந்த ஸ்கேன்? மும்பையில் முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு

ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறது, பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்றே வீட்டில் எழும் கேள்வி, எந்த ஸ்கேன் எடுப்பது என்பதுதான். மும்பையில் இதற்கு வசதிக் குறைவு இல்லை. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ தெருவுக்கு ஒரு சோனோகிராபி மையம் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில், ஐசோடோப்பு ஊசி போட்டு எடுக்கும் செஸ்டாமிபி ஸ்கேன் எடுக்கிறார்கள். கோலின் பெட் ஸ்கேன், 4டி சிடி என்று புதிய பெயர்களும் இப்போது சீட்டில் வருகின்றன. கட்டணத்தில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை தெளிவாகும் வரை எந்த ஸ்கேனும் வேண்டாம். தெளிவான பிறகு, ஸ்கேன் மையத்துக்குப் போவதற்கு முன் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். அவர் வேறு காரணம் சொல்லாதவரை, நல்ல கைகளில் ஒரு சோனோகிராபியும், ஸ்பெக்ட்-சிடியோடு (காமிரா சுற்றி வந்து எடுக்கும் படத்தோடு சிடியையும் பொருத்துவது) ஒரு செஸ்டாமிபியும் போதும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கோலின் பெட். ஏற்கெனவே கழுத்தில் அறுவை நடந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். இப்படிச் சொல்வதற்கான காரணங்களைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன்.

நம் கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், வழக்கமாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பருப்பளவுதான். தைராய்டோடு இவற்றுக்கு இடத்தால் மட்டுமே உறவு. இவை சுரக்கும் பி.டி.எச். என்ற ஹார்மோன்தான் ரத்தத்தின் கால்சியத்தைக் கட்டுப்படுத்துகிறது. கால்சியம் குறைந்தால் அது கூடும், கால்சியம் கூடினால் அது குறையும். சுரப்பி ஒன்று கட்டியாகி, கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் சுரக்கத் தொடங்கினால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. சிறுநீரகக் கல், எலும்பு வலி, ஓயாத சோர்வு, மலச்சிக்கல், மனச்சோர்வு என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் தொல்லைகள் அதன் பின்னால் வருகின்றன. இப்படிப்பட்ட நோயாளிகளில் 100 பேரில் 80 முதல் 85 பேருக்கு ஒரே ஒரு சுரப்பிதான் கெட்டிருக்கும். மற்றவர்களுக்கு இரண்டோ, நான்குமோ. புற்றுநோய் என்பது 100இல் ஒன்றுக்கும் குறைவு.

நோயை உறுதி செய்வது ரத்தம். ஸ்கேனால் அது முடியாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் செம்பூரில் இருக்கும் என் சித்தி. இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்த பிறகு எடுத்த பரிசோதனையில் கால்சியம் 11.3. இயல்பான அளவு பொதுவாக 8.5 முதல் 10.5 வரை. பி.டி.எச். 61, அந்தப் பரிசோதனைக்கூடத்தின் வரம்பு 65 வரை. வரம்பைத் தாண்டிய எண்ணை மட்டும்தான் அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சிடுவார்கள். ஆகவே கால்சியம் தடித்து நின்றது, பி.டி.எச். சாதாரண எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்த எல்லோரும் ஹார்மோன் சரியாக இருக்கிறது என்றே நினைத்தார்கள். கால்சியம் 11.3 இருக்கும்போது ஆரோக்கியமான பாராதைராய்டு அடங்கிக் கிடக்க வேண்டும், பி.டி.எச். கீழே விழுந்திருக்க வேண்டும். 61 என்பது அந்தச் சூழலில் மிக அதிகம். நோய் அந்த இரண்டு எண்களிலேயே எழுதப்பட்டிருந்தது.

அடுத்து நடந்தது இன்னும் வருத்தமானது. அருகிலிருந்த ஒரு மையத்தில் கழுத்துக்கு சோனோகிராபி எடுத்தார்கள். பாராதைராய்டு சுரப்பிகள் இயல்பாக உள்ளன என்று அறிக்கை வந்தது. இயல்பான பாராதைராய்டு சோனோகிராபியில் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. கண்ணில் எதுவும் படவில்லை என்பதைத்தான் அந்த வரி சொல்லியிருக்க வேண்டும். “ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே கண்ணா, பிறகு எதற்கு ஆபரேஷன்?” என்று சித்தி கேட்டார். அந்தக் கேள்வியில் தவறே இல்லை. அவருக்கு யாரும் வேறுவிதமாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை நம்பிப் பல மாதங்கள் வைத்தியமே இல்லாமல் போயின.

ஆகவே ஸ்கேனுக்கு முன்னால் முடிக்க வேண்டியவை சில உண்டு. ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவோடு சேர்த்துக் கால்சியத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். வைட்டமின் டி பார்க்க வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் அந்தக் குறைபாடு மிகச் சாதாரணம், அதுவே பி.டி.எச்.-ஐ உயர்த்திக் காட்டும். 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் எவ்வளவு போகிறது என்று பார்ப்பதும் அவசியம். பரம்பரையாக வரும் ஒரு நிலையில் ரத்தக் கால்சியம் சற்று உயர்ந்திருக்கும், சிறுநீரில் மிகக் குறைவாகவே போகும். அவர்களுக்கு அறுவையால் ஒரு பயனும் இல்லை. லித்தியம் மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைட் வகை மாத்திரைகளும் கால்சியத்தை உயர்த்தக்கூடியவை. முடி வளர்ச்சிக்காகப் பலரும் விழுங்கும் பயோட்டின், பி.டி.எச். அளவைத் தவறாகக் காட்டிவிடலாம். இவையெல்லாம் முடிந்து நோய் உறுதியானால், ஸ்கேனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கெட்ட சுரப்பி எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்வி சாதாரணமானது அல்ல. சுரப்பி எப்போதும் தைராய்டுக்குப் பின்னாலேயே இருப்பதில்லை. கருவில் வளரும்போது கழுத்தில் மேலிருந்து கீழே இறங்கி வருவதால், சிலருக்குத் தாடைக்குக் கீழேயே நின்றுவிடும், சிலருக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் போய்விடும். அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெல்லின் வரலாறு இதற்குச் சான்று. எலும்புகள் கரைந்து, உயரத்தில் ஏழு அங்குலம் குறைந்துபோன அவருக்கு ஆறு அறுவைகள் தோற்றன. 1932இல் ஏழாவது அறுவையில்தான் நெஞ்சுக்குள் மறைந்திருந்த கட்டி கிடைத்தது. கட்டியை எடுத்த பிறகும் அவர் நெடுநாள் வாழவில்லை. அன்று ஸ்கேன் என்று ஒன்று இல்லை.

பின்னாளில் ஜான் டாப்மன் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர், முதல் முறை அறுவைக்குப் போகும் நோயாளி கண்டுபிடிக்க வேண்டியது அனுபவமுள்ள அறுவை மருத்துவரைத்தான் என்ற பொருளில் எழுதினார். அவரே படம் எடுப்பவர் என்பதால் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பு. இன்றும் அது பெருமளவு உண்மை. அனுபவமுள்ளவர் கையில் முதல் அறுவை 100க்கு 95 பேருக்கு மேல் வெற்றி பெறுகிறது. ஸ்கேன் இடத்தைக் காட்டிக் கொடுத்தால் கழுத்து முழுவதையும் திறந்து தேடாமல் ஒரு பக்கம் மட்டும் சிறிதாகக் கீறி எடுத்துவிடலாம். அறுவை நேரம் குறையும், குரல் நரம்புக்கும் மற்ற மூன்று சுரப்பிகளுக்கும் ஆபத்து குறையும். ஸ்கேன் தரும் லாபம் இதுதான்.

இனி ஒவ்வொன்றாக.

சோனோகிராபியில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, செலவும் மற்றவற்றைவிடக் குறைவு. கர்ப்பிணிகளுக்கு இதுதான் முதல் வழி. தோளுக்கடியில் தலையணை வைத்து, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். குளிர்ந்த ஜெல் தடவி, அதிர்வெண் அதிகமான கருவியைத் தாடையிலிருந்து காறை எலும்பு வரை மெதுவாக நகர்த்துவார்கள். நல்ல மருத்துவர் இடையிடையே எச்சிலை விழுங்கச் சொல்வார். விழுங்கும்போது காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுரப்பி ஒரு கணம் மேலே ஏறி வரும். அந்தக் கணத்தில் அவர் பிடித்துவிடுவார். கெட்ட சுரப்பி கறுத்த நீள்வட்டமாகத் தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் பார்த்தால் அதன் ஒரு முனையில் ரத்தக்குழாய் நுழைவது தெரியும். தைராய்டில் கட்டி இருந்தால் அதையும் கூடவே பார்த்துவிடலாம் என்பது பெரிய வசதி. அது அறுவைத் திட்டத்தையே மாற்றக்கூடியது.

குறையும் வெளிப்படையானது. ஒலி அலை காற்றைத் தாண்டாது, எலும்பையும் தாண்டாது. மூச்சுக்குழாய்க்குப் பின்னால், உணவுக்குழாயை ஒட்டி, நெஞ்சுக்குள் இருக்கும் சுரப்பிகளை இது தவறவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், பார்ப்பவரின் கை. வயிற்றையும் கருவையும் நாள் முழுக்கப் பார்க்கும் ஒருவர், பாராதைராய்டை எப்போதாவதுதான் தேடியிருப்பார். கழுத்தை வாரந்தோறும் பார்க்கும் மருத்துவரிடம் எடுக்கும் சோனோகிராபியும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக எடுக்கும் சோனோகிராபியும் ஒரே பரிசோதனை அல்ல. உங்கள் அறுவை மருத்துவர் யாரை நம்புகிறார் என்று கேட்டு அங்கே போங்கள். பரேல் வரை ரயில் மாற்றிப் போக வேண்டியிருந்தாலும் போங்கள்.

செஸ்டாமிபி அடிப்படையில் இதய ஸ்கேனுக்கான மருந்து. டெக்னீசியம்-99எம் என்ற கதிர்வீசும் ஐசோடோப்பை அதில் ஏற்றி ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நிறைந்த செல்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதிகம் உழைக்கும் பாராதைராய்டு கட்டியில் அப்படிப்பட்ட செல்கள் ஏராளம். ஊசி போட்டு 10, 15 நிமிடங்களில் ஒரு படம், ஒன்றரை முதல் மூன்று மணி நேரத்துக்குள் இன்னொரு படம். முதல் படத்தில் தைராய்டும் சேர்ந்து ஒளிரும். இரண்டாவது படத்துக்குள் தைராய்டு பெரும்பாலும் மங்கிவிடும், கெட்ட சுரப்பி மட்டும் மங்காமல் நிற்கும். காமிரா கழுத்தோடு நெஞ்சையும் பார்ப்பதால், வழிதவறிய சுரப்பியும் அகப்படும். சோனோகிராபியால் முடியாதது இது.

இதைப் பதிவு செய்யும்போது ஸ்பெக்ட்-சிடி சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சும்மா தட்டையாக எடுத்த படத்தில் ஒரு புள்ளி இடது பக்கம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். காமிரா கழுத்தைச் சுற்றி வந்து எடுத்து, அதன் மேல் சிடியையும் பொருத்தும்போது, அந்தப் புள்ளி மூச்சுக்குழாய்க்கு முன்னாலா பின்னாலா, எவ்வளவு ஆழத்தில் என்பது வரை கிடைக்கும். சித்திக்கு இந்தப் படத்தில்தான் விடை வந்தது. இடது பக்கம் கீழே, உணவுக்குழாயை ஒட்டிய பள்ளத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் கட்டி இருந்தது. சோனோகிராபி பார்த்தவர் கண்ணில் அது படாததில் வியப்பில்லை.

இதற்கும் எல்லை உண்டு. சிறிய கட்டி, நீர் நிறைந்த கட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் வீங்கிய நிலை ஆகியவற்றில் இது பலமுறை ஏமாற்றும். தைராய்டில் உள்ள கட்டியும் சில சமயம் மங்காமல் நின்று பாராதைராய்டு போல வேஷம் போடும். அதனால்தான் சோனோகிராபியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கை பல மடங்கு கூடும். நோயாளியின் பக்கத்திலிருந்து சொன்னால், இது அரை நாள் வேலை. இடையில் காத்திருக்கும் நேரத்தில் ஏதாவது சாப்பிடலாமா என்று மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் ஆறு மணி நேரம்தான், மறுநாளைக்குள் பெரும்பகுதி போய்விடும். அன்று மட்டும் நிறைய தண்ணீர் குடித்துவிட்டு, கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுச் சற்றுத் தள்ளி இருந்தால் போதும்.

கோலின் பெட்-சிடி இப்போதிருக்கும் வழிகளில் மிகக் கூர்மையானது என்பதே என் எண்ணம். புராஸ்டேட் புற்றுநோய்க்காகக் கோலின் ஸ்கேன் எடுத்தவர்களின் கழுத்தில் தற்செயலாகப் பாராதைராய்டு கட்டி ஒளிர்ந்ததைக் கண்டுதான் இந்தப் பயன் தெரியவந்தது. செல்லின் உறையைக் கட்டுவதற்குக் கோலின் தேவை. உழைக்கும் சுரப்பி அதை வேகமாக இழுத்துக்கொள்கிறது. பெட் காமிராவின் நுண்மையும் அதிகம், ஆகவே சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டிகள்கூடத் தெரிகின்றன. செஸ்டாமிபி கைவிரித்த பலருக்கு இது இடத்தைக் காட்டியிருக்கிறது. ஸ்கேன் சீக்கிரம் முடிகிறது, கதிர்வீச்சும் பொதுவாக செஸ்டாமிபி ஸ்பெக்ட்-சிடியைவிடக் குறைவு.

பிறகு ஏன் எல்லோரையும் முதலிலேயே இதற்கு அனுப்பக் கூடாது? பணம் ஒரு காரணம். இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இதுதான் விலை கூடியது. இன்னொரு காரணம், கோலினோடு சேர்க்கும் ஃப்ளூரின்-18 என்ற ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் 110 நிமிடங்கள் மட்டுமே. சைக்ளோட்ரான் என்ற கருவியில் தயாரித்து, நகர நெரிசலைக் கடந்து, ஊசி போடுவதற்குள் அதன் வீரியம் குறைந்துகொண்டே வருகிறது. பரேலில் 1963 முதல் இயங்கும் கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் 2002இல் மருத்துவ சைக்ளோட்ரான் வந்தது. மும்பையில் இந்த வகை மருந்துகளுக்கு அடித்தளம் இருக்கிறது. ஆனால் அங்கும் இங்கும் தினமும் தயாராவது புற்றுநோய்க்கான எஃப்.டி.ஜி. என்ற சர்க்கரை மருந்துதான். கோலின் எல்லா மையத்திலும் கிடைக்காது, கிடைக்கும் மையத்திலும் எல்லா நாளும் கிடைக்காது. வெறுமனே பெட் ஸ்கேன் என்று பதிவு செய்துவிட்டு எஃப்.டி.ஜி. எடுத்துக்கொண்டு வந்தால் பாராதைராய்டைப் பொறுத்தவரை அந்தப் பணம் வீண். சீட்டிலும் பதிவிலும் கோலின் என்ற சொல் இருக்க வேண்டும்.

எஃப்.டி.ஜி. பற்றி இன்னொன்று. நோய் முற்றி எலும்பில் பழுப்புக் கட்டிகள் (புற்றுநோய் அல்லாதவை) வந்தவர்களுக்கு அந்த ஸ்கேனில் எலும்பெல்லாம் ஒளிரும், புற்றுநோய் பரவியது போலவே இருக்கும். கால்சியத்தையும் பி.டி.எச்.-ஐயும் பார்க்காமல் அந்தப் படத்தை மட்டும் பார்த்து ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். எலும்பில் பல இடங்களில் கட்டி என்று யாருக்குச் சொன்னாலும், கால்சியம் எவ்வளவு என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

கோலினும் பொய் சொல்லக்கூடும். வீங்கிய நிணநீர்க் கணுக்கள் அதை இழுத்துக்கொள்ளும். காசநோய் வந்துபோனவர்கள் நிறைந்த நகரம் இது. பழைய காசநோய் இருந்தால் படிக்கும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

4டி சிடி என்பதில் நான்காவது பரிமாணம் நேரம். கான்ட்ராஸ்ட் மருந்து போடுவதற்கு முன், போட்டவுடன், சற்றுப் பிறகு என்று அடுத்தடுத்து எடுக்கிறார்கள். பாராதைராய்டு கட்டி மருந்தை விரைவாக வாங்கி விரைவாக விட்டுவிடும். நிணநீர்க் கணுவோ தைராய்டோ அப்படிச் செய்வதில்லை. உடற்கூறு இவ்வளவு துல்லியமாக வேறெதிலும் கிடைக்காது. முன்பே அறுவை நடந்து தழும்பேறிய கழுத்துக்கும், நெஞ்சுக்குள் இருக்கும் சுரப்பிக்கும் அறுவை மருத்துவர்கள் இதை விரும்புவது அதனால்தான். ஆனால் தைராய்டின் மேல் விழும் கதிர்வீச்சு அதிகம், இளம் வயதினருக்கு யோசித்துச் செய்ய வேண்டும். கான்ட்ராஸ்டில் அயோடின் இருக்கிறது. கல் வந்து வந்து சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் போடக் கூடாது. படித்துச் சொல்லப் பழகிய கதிரியக்க மருத்துவரும் வேண்டும். வரிசையும் முக்கியம்: தைராய்டைத் தனியாகப் படமெடுத்துக் கழிக்கும் முறையில் செஸ்டாமிபி செய்யும் மையமாக இருந்தால், அயோடின் கான்ட்ராஸ்ட் போன பிறகு சில வாரங்களுக்கு அந்த முறை சரியாக வேலை செய்யாது.

எம்.ஆர்.ஐ. கர்ப்பிணிகளுக்கும் கதிர்வீச்சைத் தவிர்க்க வேண்டியவர்களுக்கும் துணைக்கு வரும், மற்றவர்களுக்கு முதல் தேர்வு ஆகாது. கழுத்து நரம்புகளிலிருந்து ரத்தம் எடுத்து எந்தப் பக்கம் பி.டி.எச். கூடுதல் என்று பார்க்கும் முறை, எல்லாம் தோற்று மறு அறுவைக்கு நிற்பவர்களுக்கு மட்டும்.

ஆக, வயதானவர், ஒரே கட்டி இருக்க வாய்ப்பு, முதல் அறுவை என்றால் சோனோகிராபியும் செஸ்டாமிபி ஸ்பெக்ட்-சிடியும். நம் ஊரில் நோய் தாமதமாகவே தெரியவருவதால் கட்டி பெரும்பாலும் வளர்ந்தே இருக்கிறது. இந்த இரண்டிலேயே பலருக்கும் இடம் தெரிந்துவிடும். கால்சியம் சற்றே உயர்ந்து, கட்டி சிறிதாக இருக்கும் என்று மருத்துவர் கருதினாலோ, தைராய்டில் பல கட்டிகள் இருந்தாலோ, பணமும் இடமும் ஒத்துழைத்தால் செஸ்டாமிபியை விட்டுவிட்டு நேராகக் கோலினுக்குப் போவதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஸ்கேனுக்குக் கொடுத்து மூன்றாவதாகக் கோலினுக்கும் கொடுப்பதைவிட அது மலிவாகக்கூட முடியலாம். மறு அறுவை என்றால் கோலினும் 4டி சிடியும் சேர்ந்து வேண்டியிருக்கும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும், இளம் வயதில் குடும்பத்தில் பலருக்கு வந்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் நான்கு சுரப்பிகளும் கெட்டிருக்கும். அவர்களுக்கு நான்கையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும். இடம் மாறிய சுரப்பி உண்டா என்று அறியவே ஸ்கேன்.

எல்லா ஸ்கேனும் வெறுமையாக வந்தாலும் ரத்தம் சொன்னது மாறாது. எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால், கல் இருந்தால், 50 வயதுக்குக் கீழே இருந்தால், கால்சியம் மேல் வரம்பைவிட 1 மில்லிகிராமுக்கு மேல் கூடியிருந்தால், அறுவைக்கான தேவை அப்படியே இருக்கிறது. ஸ்கேனில் தெரியவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று யாராவது அனுப்பினால் இன்னொரு அறுவை மருத்துவரைப் பாருங்கள். பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். ஆகவே கட்டியை எடுத்த 10 நிமிடத்தில் அது பாதிக்கு மேல் இறங்கியதா என்று அறுவை மேசையிலேயே பார்த்துவிடலாம். அந்த வசதி உங்கள் மருத்துவமனையில் உண்டா என்ற கேள்வி, எந்த ஸ்கேன் என்ற கேள்விக்குச் சற்றும் குறைந்தது அல்ல. சித்தியின் அறுவை மருத்துவரிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி அது. இரண்டாவது, வருடத்துக்கு இப்படி எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்பது. அவர் இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொன்னார்.

பரேலில் கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வரிசை நீளம்தான், ஆனால் இந்த நோயைப் பார்த்துப் பழகிய கண்கள் அங்கே இருக்கின்றன, செலவும் குறைவு. தனியாரிடம் போகிறவர்கள் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாட்களின் பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் திருப்பித் தருகின்றன. அறுவைத் தேதியைக் கணக்கிட்டு ஸ்கேன் தேதியை வைத்தால் அந்தப் பணம் கிடைக்கும். அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அறுவை மருத்துவர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க விரும்புவார், மும்பையில் இன்னொரு மையத்தில் மறுபடியும் படிக்கக் கொடுக்கவும் அது உதவும்.